அலைக்கற்றையும் வானவில்லும்: அறிவியல் பாடநூல் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பாடநூல் ஆசிரியர்களுக்கும் பாடத்திட்டக் குழுவினருக்கும்,

வணக்கம். கடலூர் மாவட்டத்துக் கடற்கரையோர ஊர்களில் பல ஆண்டுகள் இயற்பியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். மின்காந்த நிறமாலையை, அதாவது ரேடியோ அலையிலிருந்து கண்ணுக்குத் தெரியும் ஒளி வழியாகக் காமா கதிர் வரை நீளும் அலைகளின் வரிசையை, பள்ளி மாணவர்களுக்கு எந்த வகுப்பில், எந்தச் சொற்களால், எந்த வரிசையில் அறிமுகம் செய்வது என்பதைப் பற்றி மட்டும் இம்மடலில் எழுதுகிறேன். பாடநூல் எழுதுவது எளிய வேலையன்று என்பதை அறிவேன். ஆயினும் வகுப்பறையில் நின்றவனுக்குத் தெரியும் இடறல்கள் சில உண்டு.

முதலாவது, காலம் பற்றியது. மின்காந்த அலைகளுக்கென்று முழு அத்தியாயம் பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலில்தான் வருகிறது. பத்தாம் வகுப்பு முடித்து வணிகவியலுக்கோ வரலாற்றுக்கோ தொழிற்பிரிவுக்கோ செல்லும் மாணவர், அந்த அத்தியாயத்தைத் திறக்காமலேயே பள்ளிப் படிப்பை முடிக்கிறார். அதற்கு முந்தைய வகுப்புகளில் ஒளி ஓரிடத்திலும், வெப்பம் பரவுதல் வேறோரிடத்திலும், தகவல் தொடர்பு மற்றோரிடத்திலும் வருகின்றன. இவை யாவும் ஒரே பொருளின் வெவ்வேறு அளவுகள் என்னும் செய்தி மாணவரைச் சென்றடைவதில்லை. கைப்பேசி, ரிமோட், எக்ஸ்ரே, புயல் படம் ஆகிய நான்கையும் பத்து வயதுக்குள் பார்த்துவிட்ட தலைமுறைக்கு, அவற்றை இணைக்கும் இழையைப் பதினேழு வயதில், அதுவும் ஒரு சாராருக்கு மட்டும் காட்டுவது எவ்வகையிலும் பொருத்தமாக எனக்குத் தோன்றவில்லை. பத்தாம் வகுப்பு முடிவதற்குள் ஒவ்வொரு மாணவரும் இதை ஒரு குடும்பமாகக் கண்டிருக்க வேண்டும் என்பதே என் முதன்மையான வேண்டுகோள்.

இரண்டாவது, சொற்கள் பற்றியது. இதில் சற்று நின்று பேச வேண்டியிருக்கிறது. பாடநூல் ‘நிறமாலை’ என்கிறது; நாளிதழ் ‘அலைக்கற்றை ஏலம்’ என்று எழுதுகிறது. இரண்டாவது முதலாவதன் ஒரு பகுதியே என்று எந்தப் பக்கத்திலும் சொல்லாததால், அரசு ஏலம் விடும் அலைக்கற்றைக்கும் மழை விட்டபின் கிழக்கே தோன்றும் வானவில்லுக்கும் உறவு உண்டென்று மாணவர் கனவிலும் நினைப்பதில்லை. ‘நிறமாலை’ அழகிய சொல்தான். ஆனால் அந்த மாலையில் நிறமுள்ள பூக்கள் மிகச் சிலவே, மற்றவற்றுக்கு நிறமே இல்லை என்பதை அச்சொல் மறைத்துவிடுகிறது. புதிய சொல்லொன்றை உருவாக்கித் தரும்படி நான் கேட்கவில்லை. ‘நாளிதழ்கள் அலைக்கற்றை என்று குறிப்பிடுவதும் இதன் ஒரு பகுதியையே’ என்று ஒரு வரி சேர்த்தால் போதும்.

‘அகச்சிவப்பு’, ‘புறஊதா’ என்னும் இணை இதைவிடச் சிக்கலானது. ஊதாவுக்குப் புறத்தே இருப்பது புறஊதா என்றால், சிவப்புக்கு அகத்தே, அதாவது உள்ளே இருப்பது அகச்சிவப்பு என்றுதான் ஒரு பிள்ளை புரிந்துகொள்ளும். அப்படியே புரிந்துகொண்டு, வானவில்லில் சிவப்புக்கும் ஆரஞ்சுக்கும் நடுவே அம்புக்குறி போட்டு ‘அகச்சிவப்பு’ என்று எழுதிய விடைத்தாள்களை நான் திருத்தியிருக்கிறேன். அம்மாணவர்கள் தமிழைச் சரியாகத்தான் படித்தார்கள். உண்மையில் இரண்டுமே கண்ணுக்குத் தெரியும் பட்டைக்கு வெளியே, எதிரெதிர்க் கரைகளில் இருப்பவை. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் வழங்கும் ‘செந்நிறக்கீழ்’ என்னும் சொல், அதிர்வெண்ணில் (நொடிக்கு எத்தனை அதிர்வுகள் என்னும் கணக்கில்) சிவப்புக்குக் கீழே என்பதை நேராகச் சொல்லிவிடுகிறது. பழகிய சொல்லை மாற்றுவது கடினமென்றால், அதை அறிமுகம் செய்யும் இடத்தில் இந்த விளக்கத்தையேனும் தர வேண்டும்.

‘வானொலி அலை’ என்பதும் இத்தகையதே. அச்சொல்லுக்குள் ‘ஒலி’ இருப்பதால், நிலையத்திலிருந்து பாட்டு காற்று வழியாக மிதந்து வருகிறது என்றே பெரும்பாலான பிள்ளைகள் எண்ணுகிறார்கள். ஒலி காற்றில் நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்வது. அதை நம்பியிருந்தால் சென்னையில் பாடிய பாட்டு கடலூருக்கு வந்து சேர ஏறத்தாழ எட்டு நிமிடங்கள் ஆகும். வந்து சேர்வது ஒளியின் உடன்பிறப்பு. அது சுமந்துவந்த செய்தியைப் பெட்டிக்குள் இருக்கும் ஒலிபெருக்கி மீண்டும் ஒலியாக்குகிறது. பாடநூலில் ‘ரேடியோ அலை’ என்றே சீராக எழுதினால் இக்குழப்பம் பாதி குறையும்.

இதை மெய்ப்பிக்க இரண்டு வழிகளை வகுப்பில் கையாண்டிருக்கிறேன். முன்னாளில் வானொலி நிலையங்கள் தங்கள் அலைவரிசையை மீட்டரிலும் கிலோஹெர்ட்ஸிலும் சேர்த்தே அறிவிப்பதுண்டு. சென்னையின் மத்திய அலை (மீடியம் வேவ்) 720 கிலோஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 7,20,000 அதிர்வுகள், அலைநீளம் (ஒரு முகட்டிலிருந்து அடுத்த முகடு வரையுள்ள தொலைவு) 416.7 மீட்டர், திருச்சிராப்பள்ளி 936 கிலோஹெர்ட்ஸ், 320.5 மீட்டர். கரும்பலகையில் ஒவ்வொரு நிலையத்தின் இரண்டு எண்களையும் பெருக்கச் சொல்வேன். இரண்டிலும் நொடிக்கு ஏறக்குறைய 30 கோடி மீட்டர் என்னும் ஒரே விடை வரும். வெவ்வேறு ஊர், வெவ்வேறு எண்கள், ஆனால் பெருக்கல் தொகை ஒன்று என்று கண்டதும் வகுப்பில் ஓர் அமைதி உண்டாகும். ஒளியின் வேகத்தைச் சூத்திரமாகத் தருவதற்கு முன்பு, வீட்டு மாடத்தில் இருந்த பெட்டி அதை நாள்தோறும் சொல்லிக்கொண்டிருந்தது என்று காட்டுவது நல்லதல்லவா?

மற்றொன்று ஐப்பசி மழைக்கு உரியது. இடி மின்னல் உள்ள மாலையில், வீட்டுக்குள் பாதுகாப்பாக அமர்ந்து, பேட்டரியில் இயங்கும் பழைய ரேடியோவை மத்திய அலையில் நிலையம் இல்லாத இடத்தில் வைத்துக் கேட்கச் சொல்வேன். சன்னலில் மின்னல் ஒளி தெரியும் அதே கணத்தில் ரேடியோ ‘கரகர’ என்று வெடிக்கும். இடி பிறகே வரும். கண்ணுக்கு வந்ததும் ரேடியோவுக்கு வந்ததும் ஒரே வேகத்தில் வந்தன, காதுக்கு வந்தது மட்டும் பின்தங்கியது என்பதை ஓர் எட்டாம் வகுப்பு மாணவி தானே சொல்லிவிடுவாள். ஒரு பைசா செலவில்லாத இந்தச் சோதனைக்கு எந்த ஆய்வகமும் வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பழைய ரேடியோ கிடைப்பதுதான் இப்போது அரிதாகி வருகிறது.

மூன்றாவது, வரிசை பற்றியது. ‘ஒன்றுக்கொன்று செங்குத்தாக அலைவுறும் மின்புலமும் காந்தப்புலமும்’ என்னும் வரையறையிலிருந்து பாடத்தைத் தொடங்குவது, சமையலை வேதியியல் வாய்பாட்டிலிருந்து தொடங்குவதைப் போன்றது. கொல்லன் பட்டறையிலிருந்து தொடங்கலாம். உலையிலிருந்து எடுத்த இரும்பு வெண்மஞ்சளாக, பிறகு ஆரஞ்சாக, பிறகு மங்கிய சிவப்பாக மாறி, முடிவில் கருத்துவிடுகிறது. கருத்த பின்னும் அதன் பக்கவாட்டில் கையைக் கொண்டுபோனால் சூடு அடிக்கிறது. ஒளி நின்றுவிட்டது, ஆனால் ஏதோ ஒன்று இன்னும் வந்துகொண்டே இருக்கிறது. அது என்ன என்று கேட்டால் பாடம் தானாகவே தொடங்கிவிடும். பட்டறை இல்லாத ஊரில் இஸ்திரிப் பெட்டி போதும்.

இக்கேள்விக்கு விடை கண்டவர் வில்லியம் ஹெர்ஷல். இசைக் கலைஞராக வாழ்வைத் தொடங்கி, 1781-இல் யுரேனஸ் கோளைக் கண்டுபிடித்தவர் அவர். 1800-இல் சூரிய ஒளியை முப்பட்டகத்தால் பிரித்து, ஒவ்வொரு நிறத்திலும் வெப்பமானியை வைத்து அளந்தபோது, சிவப்பைத் தாண்டி எந்த நிறமும் விழாத இடத்தில் வைத்த வெப்பமானி மேலும் ஏறியதைக் கண்டார். மறு ஆண்டே ஜெர்மனியில் ரிட்டர், ஊதாவைத் தாண்டிய இருட்டில் வெள்ளிக் குளோரைடு மிக விரைவாகக் கறுப்பதைக் கண்டு மறுகரையையும் கண்டுபிடித்தார். ஹெர்ஷல் இங்கிலாந்தின் மங்கிய வெயிலில் செய்ததை நம் சித்திரை வெயிலில் செய்வது எவ்வளவோ எளிது. ஓர் அட்டைப்பெட்டி, ஒரு முப்பட்டகம், குமிழ்களில் விளக்குக் கரி பூசிய மூன்று வெப்பமானிகள் ஆகியவை போதும். நேரே சூரியனைப் பார்க்கக் கூடாது என்பதை மட்டும் தடித்த எழுத்தில் அச்சிட வேண்டும். பாடநூலில் இச்சோதனை செய்தியாக இருப்பதைவிடச் செயல்பாடாக இருக்க வேண்டும். ரிமோட்டின் முனையைக் கைப்பேசியின் கேமரா வழியாகப் பார்த்தால் வெண்ஊதா நிறத்தில் மின்னும் என்பதையும் இதனோடு சேர்க்கலாம். (சில கைப்பேசிகளின் பின்பக்கக் கேமராவில் அகச்சிவப்பைத் தடுக்கும் வடிகட்டி வலுவாக இருப்பதால் தெரியாது, முன்பக்கக் கேமராவில் முயலச் சொல்லுங்கள். அது தெரியாமல் நான் ஒருமுறை வகுப்பின் முன் விழித்துக்கொண்டு நின்றேன்.)

குழிவிரியன் பாம்பின் கண்ணுக்கும் மூக்குத் துளைக்கும் நடுவே உள்ள குழி, இருட்டில் எலியின் உடற்சூட்டை அகச்சிவப்பாகவே உணர்கிறது. தேனீ பூவின் மேல் நாம் காணாத புறஊதாக் கோலங்களைக் காண்கிறது. கண்ணுக்குத் தெரிவது என்பது மனிதக் கண்ணின் எல்லை, ஒளியின் எல்லை அன்று என்பதை இவ்விரு உயிர்களைப் போல் விளக்க வல்லது வேறில்லை.

நான்காவது, பாடநூலில் வரும் நிறமாலைப் படம். எல்லா நூல்களிலும் அது ஒன்றுபோலவே இருக்கிறது: இடப்புறம் அகன்ற நெளிவு, வலப்புறம் நெருங்கிய நெளிவு, நடுவே கையகல வானவில், மேலே ரேடியோ முதல் காமா வரை ஏழு பெயர்கள். அப்படத்தைப் பார்க்கும் மாணவர் மூன்று தவறான செய்திகளைப் பெறுகிறார். ஒளி பாம்புபோல் நெளிந்து செல்கிறது என்பது ஒன்று. ஏழு பகுதிகளுக்கும் நடுவே சுவர் இருக்கிறது என்பது இரண்டு. நாம் காணும் பகுதி மொத்தத்தில் கணிசமானது என்பது மூன்று. மூன்றாவதைத் திருத்த நான் சங்கீதத்தை நாடுவேன். அதிர்வெண் இருமடங்கானால் ஒரு ஸ்தாயி உயர்கிறது. சிவப்பின் அலைநீளம் ஏறத்தாழ 700 நானோமீட்டர் (மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கே ஒரு நானோமீட்டர்), ஊதாவினுடையது 400. ஆகவே கண்ணுக்குத் தெரியும் ஒளி முழுவதும் ‘ஸ’வில் தொடங்கி ‘நி’யை நெருங்குவதற்குள் முடிந்துவிடுகிறது, மேல் ஸட்ஜத்தை எட்டுவதில்லை. சென்னை மத்திய அலையிலிருந்து புற்றுநோய்ச் சிகிச்சையில் பயன்படும் கோபால்ட்-60 காமா கதிர் வரை எண்ணினால் 48 ஸ்தாயிகளுக்கு மேல் வருகின்றன. அத்தனையிலும் நம் கண் கேட்பது ஒரு ஸ்தாயிக்கும் குறைவு. ஒலியையும் ரேடியோவையும் குழப்பக் கூடாது என்று மேலே எழுதிவிட்டு இங்கே இசையை உவமையாக்குகிறேன் என்பது உண்மையே. வகுப்பில் அந்த எச்சரிக்கையோடுதான் சொல்வேன்.

அலைநீளம் என்பது வெறும் எண்ணாக நின்றுவிடாமல் பொருள்பட வேண்டுமானால், அது கம்பிவலையோடு சேர்த்துக் கற்பிக்கப்பட வேண்டும். மைக்ரோவேவ் அடுப்பின் கதவில் சிறு துளைகளிட்ட உலோகத் தகடு இருக்கிறது. உள்ளே சுழலும் சோறு நமக்குத் தெரிகிறது. ஆனால் சூடாக்கும் அலை வெளியே வருவதில்லை. அந்த அலையின் நீளம் ஏறத்தாழ 12 சென்டிமீட்டர். ஓரிரு மில்லிமீட்டர் துளை அதற்குச் சுவர். அதே துளை, மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கைவிடச் சிறிய அலைநீளமுடைய ஒளிக்கு வாசல். இதே விதியைத் தலைகீழாக, மலையளவில் காண வேண்டுமானால் உதகமண்டலத்துக்கு அருகே முத்தோரைக்குச் செல்லலாம். கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தார் 1970-இல் அங்கு இயக்கிய ரேடியோ தொலைநோக்கி 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் உடையது. அதன் ‘கண்ணாடி’ கண்ணாடியே அன்று. சில சென்டிமீட்டர் இடைவெளியில் இழுத்துக் கட்டிய 1100 எவர்சில்வர் கம்பிகள். காற்றும் மழையும் அவற்றினூடே புகுந்து செல்கின்றன; ஆனால் விண்ணிலிருந்து வரும் 92 சென்டிமீட்டர் ரேடியோ அலைக்கு அந்தக் கம்பி வரிசை வழவழப்பான ஆடி. அவ்விடத்தின் அட்சரேகை ஏறத்தாழ 11 பாகை. அதே சாய்வுள்ள மலைச்சரிவைத் தேடி அதன்மேல் தொலைநோக்கியைக் கிடத்தியதால், அதன் நீள அச்சு புவியின் சுழல் அச்சுக்கு இணையாகிவிட்டது. அந்த ஓர் அச்சில் திருப்பினாலே ஒரு விண்பொருளை ஒன்பது மணி நேரத்துக்கு மேல் தொடர முடிகிறது. நம் மாணவர்கள் சுற்றுலாவாக உதகைக்குச் சென்று தாவரவியல் பூங்காவையும் படகுக் குழாமையும் பார்த்துத் திரும்புகிறார்கள். முத்தோரையின் பெயரைப் பாடநூல் சொன்னால் பேருந்து அப்பக்கமும் ஒருமுறை திரும்பும்.

எங்கள் கடற்கரைப் பிள்ளைகளுக்கு இன்னும் நெருக்கமான எடுத்துக்காட்டு புயல். கார்த்திகை பிறந்துவிட்டால் வீட்டுக்கு வீடு இரண்டு வகைப் படங்களைப் பார்க்கிறார்கள். ஒன்று இன்சாட் செயற்கைக்கோள் அனுப்பும் மேகப் படம். மற்றொன்று சென்னை, காரைக்கால் ரேடார்களின் பலவண்ண மழைப் படம். நள்ளிரவில் சூரியனே இல்லாதபோது மேகத்தை எப்படிப் படம் எடுத்தார்கள் என்று கேட்டால் வகுப்பே திகைக்கும். மேகம் தானே வெளியிடும் வெப்ப அகச்சிவப்பை, ஏறத்தாழ 11 மைக்ரோமீட்டர் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கே ஒரு மைக்ரோமீட்டர்) அலைநீளத்தில், செயற்கைக்கோள் வாங்குகிறது. உச்சி உயர்ந்து குளிர்ந்த மேகம் படத்தில் அதிக வெண்மையாகத் தெரிகிறது. ரேடாரோ தானே 10 சென்டிமீட்டர் அளவுள்ள நுண்ணலைகளை (மைக்ரோவேவ்) வீசி, மழைத்துளிகளில் பட்டுத் திரும்புவதைக் கேட்கிறது. ஒன்று பெறுகிறது, ஒன்று எறிந்து பெறுகிறது. தந்தை கடலுக்குப் போவாரா மாட்டாரா என்பதை முடிவு செய்யும் படத்தை விளக்கும் பாடம், மனப்பாடமாக நின்றுவிடாது.

ஐந்தாவது, அச்சம். ‘கதிர்வீச்சு’ என்னும் ஒரே சொல்லை அணு உலைக்கும் கைப்பேசிக் கோபுரத்துக்கும் எக்ஸ்ரேக்கும் பயன்படுத்துகிறோம். ‘கதிரியக்கம்’ (அணுக்கரு தானே சிதைந்து கதிர்களை வெளியிடுவது) என்பதையும் அதனோடு சேர்த்துக் குழப்பிக்கொள்கிறோம். கொரோனா காலத்தில், நெற்றிக்கு நேரே பிடிக்கும் வெப்பமானி மூளைக்குள் கதிரைச் செலுத்துகிறது என்று படித்தவர்களே அஞ்சியதைக் கண்டேன். அக்கருவி அளவெடுக்கச் செலுத்துவது எதுவுமில்லை. நம் நெற்றியே இடையறாது வெளியிடும் அகச்சிவப்பை அது வாங்கிக்கொள்கிறது. அதே நாட்களில் வீடு வீடாக விரலில் மாட்டிய ஆக்சிமீட்டர்தான், 660 நானோமீட்டர் சிவப்பையும் 940 அளவிலான அகச்சிவப்பையும் உண்மையாகவே விரலுக்குள் செலுத்தியது. அதற்கு ஒருவரும் அஞ்சவில்லை.

இங்கேதான் ஒளித்துகளின் (ஒளியும் அதன் உடன்பிறப்புகளும் ஆற்றலைச் சுமந்துவரும் சிறு பொட்டலத்தின்) ஆற்றல் என்னும் கருத்து பத்தாம் வகுப்புக்கே தேவைப்படுகிறது. கணக்கு வேண்டாம்; மாங்காய் போதும். ஒரு கூடை மணலை வாரி இறைத்தாலும் மாங்காய் விழாது; குறிபார்த்த ஒரு கல் போதும். 900 மெகாஹெர்ட்ஸ் கைப்பேசி அலையின் ஒரு துகளைவிடப் பச்சை ஒளியின் ஒரு துகள் ஏறத்தாழ 6 லட்சம் மடங்கு ஆற்றலுடையது. அந்தப் பச்சைத் துகளைவிடக் கோபால்ட் காமாவின் துகள் மேலும் 5 லட்சம் மடங்கு. அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்கும் ஆற்றல் புறஊதாவின் உயர்முனையில்தான் தொடங்குகிறது. கைப்பேசி அலை மணல். அளவுக்கு மிஞ்சினால் சூடாக்கும், அதனால்தான் அதற்கும் வரம்பு உண்டு. 2012 செப்டம்பரில் இந்தியாவில் கோபுரங்களுக்கான வரம்பு, பன்னாட்டுப் பரிந்துரையின் பத்தில் ஒரு பங்காகக் குறைக்கப்பட்டது. மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது: உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2011-இல் ரேடியோ அலைகளை ‘ஒருவேளை புற்றுநோய் உண்டாக்கலாம்’ என்னும் 2பி வகையில் வைத்தது. அதே முகமை வெயிலை, ஐயத்துக்கு இடமில்லாத முதல் வகையில் வைத்திருக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்து அச்சிட்டு, முடிவை மாணவரிடம் விட்டுவிடுங்கள். கோபுரத்தைக் கண்டு அஞ்சும் வீட்டில் உச்சி வெயிலில் கபடி ஆட அனுப்புவதன் முரணை அவர்களே பேசுவார்கள்.

வரலாற்றுப் பகுதியில் மின்காந்த அலை உண்டென்று கணித்த மாக்ஸ்வெல், அதை உண்டாக்கிக் காட்டிய ஹெர்ட்ஸ், எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்த ரான்ட்ஜன் ஆகியோருக்கு உரிய இடம் இருக்கட்டும். ஜகதீஷ் சந்திர போஸை மட்டும் தாவர ஆய்வுகளோடு நிறுத்திவிட வேண்டாம். 1895-இல் கொல்கத்தாவில், இடையில் சுவர்கள் இருக்க, கண்ணுக்குத் தெரியாத அலையால் மணியை ஒலிக்கவும் வெடிமருந்தைப் பற்றவைக்கவும் செய்து காட்டியவர் அவர். 5 மில்லிமீட்டர் வரை குறுகிய அலைகளோடு ஆய்வு செய்தவர். அதே மில்லிமீட்டர்ப் பகுதியை ஒட்டிய 26 கிகாஹெர்ட்ஸ் பட்டைதான் 2022-இல் 5ஜிக்காக ஏலத்தில் வந்தது.

இறுதியாகத் தேர்வு. ‘அகச்சிவப்புக் கதிரின் இரண்டு பயன்களை எழுதுக’ என்னும் வினா இருக்கும்வரை, மேலே சொன்ன எதுவும் வகுப்பறைக்குள் நுழையாது என்பதை ஆசிரியனாக உறுதியாகச் சொல்வேன். அதற்குப் பதிலாக, ‘மின்னலும் ரேடியோவின் கரகரப்பும் ஒன்றாக வந்தன, இடி பின்னால் வந்தது, காரணம் கூறுக’ என்றும், ‘நள்ளிரவு மேகப் படத்தில் மிக வெண்மையான பகுதி எதைக் காட்டுகிறது?’ என்றும் கேட்கலாம். மதிப்பெண் அதே இரண்டுதான்.

செயல்பாடுகளை எழுதும்போது தோல்வியையும் சேர்த்து எழுதும்படி வேண்டுகிறேன். கைப்பேசியை எவர்சில்வர் தூக்குக்குள் வைத்து மூடினால் அழைப்பு வராது என்று சொல்லிவிட்டு ஒருமுறை அழைத்தேன். தூக்குக்குள்ளிருந்து அது உரக்க ஒலித்தது, நாற்பது பிள்ளைகளும் சிரித்தார்கள். மூடிக்கும் விளிம்புக்கும் நடுவே இருந்த இடுக்கின் வழியே அலை நுழைந்திருக்க வேண்டும் என்று ஊகித்து, அலுமினியத் தாளை இரண்டு சுற்றாக இறுகச் சுற்றியபின் அழைத்தோம், அடங்கியது. அவ்வாண்டு முழுவதும் அப்பிள்ளைகள் என்னிடம் கேட்ட கேள்வி, எவ்வளவு சிறிய இடுக்கு போதும் என்பதுதான்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர் ஒருவர்,
கடலூர் மாவட்டம்